படகு ஏன் பட்டறையில் காத்துக் கிடக்கிறது: பழைய ஃபைபர் படகு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சார்டின் ஓட்டம், அதாவது சார்டின் மீன் கூட்டம் கரையோரமாக வரும் சீசன், ஒவ்வொரு ஆண்டும் முடிந்ததும் எங்கள் வாட்ஸ்அப்பில் படகுப் படங்கள் குவியும். கீலில், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பில், ஒரு விரிசல், பக்கவாட்டில் ஒரு உரசல், அதன் கீழே ஒரே வரி: "அண்ணா, இதுக்கு எவ்வளவு ஆகும்?" அடுத்த கேள்வி, "சனிக்கிழமைக்குள்ள முடியுமா?" இரண்டுக்கும் உடனே பதில் சொல்லாமல் "படகைக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்கிறோமே என்று சிலருக்கு வருத்தம். படகை விட்டுப் போன பிறகும் வாரக்கணக்கில் யாரும் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை என்று வேறு சிலருக்குக் கோபம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் தெற்கு, வடக்குக் கரைகளிலும் பழைய ஸ்கி போட், அதாவது கடற்கரையிலிருந்தே அலையைத் தாண்டி மீன்பிடிக்கப் போகும் சிறு எஞ்சின் படகு, வைத்திருக்கும் உங்களுக்கு, அந்த வாரங்களில் பட்டறையில் என்ன நடக்கிறது என்பதை விவரமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நம் படகுகள் படும் பாடு தனி. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. வெட்சஸ் கடற்கரையிலோ ராக்கி பேயிலோ ஷெல்லி பீச்சிலோ அலையை உடைத்துக்கொண்டு வெளியே போகிறோம். திரும்பும்போது ஒரு அலையின் முதுகில் வந்து, வேகத்தைக் குறைக்காமல் நேராக மணலில் ஏற்றுகிறோம். இரட்டை உடல் கொண்ட படகு என்றால் இரண்டு கீலும் மணலில் தேய்கின்றன. ஒவ்வொரு முறையும் தேய்வது கொஞ்சம்தான். ஆனால் வெளியே பளபளவென்று தெரியும் ஜெல்கோட்டின் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான். அது தேய்ந்து போனால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரியும். அங்கிருந்து தண்ணீர் இழையைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஏறும்.

ஆகவே கீலின் அடியில் மங்கலாக, நார் நாராக ஒரு பட்டை தெரிந்தால், அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. நீங்கள் படம் எடுத்து அனுப்பும் பக்கவாட்டு உரசல் பெரும்பாலும் வெறும் அழகுப் பிரச்சினை.

விரிசலிலும் வகை உண்டு. ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலை மாதிரி நாலாபுறமும் பிரிந்தால், அங்கே ஏதோ இடித்திருக்கிறது என்று அர்த்தம். பக்கம் பக்கமாக இணைகோடுகளாக ஓடினால், அந்த இடம் ஒவ்வொரு அலைக்கும் வளைந்து கொடுக்கிறது. உள்ளே தாங்க வேண்டிய நெடுக்குக் கட்டை, அதாவது ஸ்ட்ரிங்கர், தாங்கவில்லை. முதல் வகைக்கு வெளியே வேலை செய்தால் போதும். இரண்டாவது வகைக்கு வெளியே எத்தனை முறை பூசினாலும் அடுத்த சீசனில் அதே கோடு அதே இடத்தில் வந்து நிற்கும். இது படத்தில் தெரியாது.

அதனால் படகு வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை தட்டிப் பார்ப்பதுதான். சின்ன பிளாஸ்டிக் சுத்தியல், இல்லையென்றால் ஒரு ஐந்து ரேண்ட் காசு. தேங்காயைத் தட்டி வாங்குகிறவருக்கு இது உடனே புரியும். நல்ல இடத்தில் கணீரென்று சத்தம் வரும். அடுக்குகள் பிரிந்த இடத்தில், அல்லது உள்ளே மரம் மக்கிய இடத்தில், மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்ட எல்லையைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போவோம். கைப்பிடி அளவு விரிசலுக்கு வந்த படகில் மேசை அளவு வட்டம் விழுவது எங்களுக்குப் புதிதல்ல. பக்கத்தில் நிற்கும் படகுக்காரரின் முகம்தான் மாறிவிடும்.

அப்புறம் எஞ்சினை மாட்டும் பின்பலகை. எஞ்சினைக் கொஞ்சம் தூக்கிய நிலையில் வைத்து, அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்ப்போம். பின்பலகை கூடவே அசைந்தால் உள்ளே இருக்கும் பிளைவுட் போய்விட்டது. பழைய படகுகள் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகக் கட்டியவை. இப்போது பலரும் அதே குதிரைத் திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டுகிறார்கள். அது எடை கூடியது. பழைய பலகைக்குக் கூடுதல் பாரம், கூடவே சரியாக சீல் செய்யாத போல்ட் ஓட்டைகள். எக்கோ சவுண்டருக்கும் ஏணிக்கும் போட்ட சின்ன ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றும்போது பழுப்புத் தண்ணீர் வடிந்தால், மேற்கொண்டு சோதிக்கவே வேண்டியதில்லை.

மூன்றாவது, தளத்துக்கு அடியில் அடைத்திருக்கும் ஃபோம். கவிழ்ந்தாலும் படகு மூழ்காமல் மிதக்க வைப்பது இதுதான். தகுதிச் சான்றிதழுக்காக, கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சா சார்பில் பார்க்க வரும் சர்வேயரும் மிதப்பைப் பற்றிக் கேட்பார். தண்ணீர் குடிக்காத ஃபோம் என்றுதான் இதைச் சொல்வார்கள். புதிதாக இருக்கும்போது அது உண்மை. இருபது முப்பது ஆண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் குடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கணக்கு அவ்வளவுதான். படகு முன்பு போல எழும்பி ஓடவில்லை, பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்றால் எஞ்சினை மட்டும் குறை சொல்லாதீர்கள். வருகிற வழியில் ஒரு எடைமேடையில் ட்ரெய்லரோடு நிறுத்தி எடைச் சீட்டு வாங்கி வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. சந்தேகம் இருந்தால் தளத்தில் ஒரு வட்ட ஓட்டை போட்டு ஃபோமை வெளியே எடுத்துக் கையால் பிழிந்து பார்ப்போம். ஓட்டையை மூடுவது எளிது.

இனி, காத்திருப்பு.

ஈரமான ஃபைபரில் ரெசின், அதாவது கண்ணாடி இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின், ஒட்டாது. ஒட்டியது போல இருக்கும், அதுதான் ஆபத்து. மேலே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, வெள்ளிக்கிழமையே கையில் கொடுத்துவிடலாம். டிசம்பர் வெயிலில் படகு நின்றால் உள்ளே இருக்கும் ஈரம் சூடாகி அந்தப் பட்டியைத் தள்ளும். ஓரம் தூக்கும். தூக்கிய ஓரத்தில் அலை அடித்தால் முழுத் துண்டும் போய்விடும். இப்படி வேறெங்கோ வேலை பார்த்து, நகத்தால் கிளப்பினால் கையோடு வருகிற பட்டியுடன் எங்களிடம் வரும் படகுகள் உண்டு. அப்போது பழைய பட்டியைச் சுரண்டி எடுக்கும் கூலியும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே முதலில் தேய்ந்த ஜெல்கோட்டைக் கிரைண்டரால் திறந்துவிடுகிறோம். அடுத்து நல்ல தண்ணீரால் கழுவுகிறோம், ஒருமுறை அல்ல, பலமுறை. காய வைக்க வேண்டிய படகை ஏன் நனைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கடல் நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு போனால்தான் படகு காயும். அதன் பிறகு கூடாரம் போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓட விடுகிறோம். ஈரமானியை அடிப்பகுதியிலும், தண்ணீர் தொடாத மேற்பக்கத்திலும் வைத்து, இரண்டு அளவையும் வாரம் ஒருமுறை குறித்து வருகிறோம். கீழ் அளவு மேல் அளவின் பக்கத்தில் வந்து, அதற்கு மேல் இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். எத்தனை வாரம் என்பதைப் படகும் பருவமும்தான் முடிவு செய்யும். டர்பனின் கோடைக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று சட்டையைக் கொடியில் காயப்போட்ட எல்லோருக்கும் தெரியும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைதான் நமக்கு வறண்ட காற்று.

யாட் மரினாவில் தண்ணீரிலேயே நிறுத்தி வைக்கும் சில வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு விஷயம். அடியில் கொப்புளம் வந்தால் அதைக் குத்திப் பாருங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. வரும் திரவம் வினிகர் மாதிரி நாறினால் அது ஆஸ்மோஸிஸ். ஜெல்கோட் வழியாக ஊறிய தண்ணீர் பழைய ரெசினில் மிச்சமிருக்கும் ரசாயனத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. பழைய ரெசின்களில் இது அதிகம். பயந்து படகை விற்கத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கொப்புளத்தையும் தனித்தனியாக அடைப்பதும் வீண். ட்ரெய்லரில் வீட்டு முற்றத்தில் நிற்கும் படகுக்கு இந்த நோய் வருவது அபூர்வம்.

காய்ந்த பிறகு வேலை வேகமாக நடக்கும். ஒரு உடைப்பை அடைக்கும்போது ஓட்டையின் விளிம்பைச் சரிவாக இழைக்கிறோம்: ஒரு பங்கு கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். ஆறு மில்லிமீட்டர் கனமான அடிப்பகுதி என்றால் சுற்றிலும் 72 மில்லிமீட்டர் சரிவு. கட்டைவிரல் அளவு ஓட்டைக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தை ஏன் தோண்டினீர்கள் என்று கேட்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். புதிய ஃபைபர் பழைய ஃபைபரோடு ரசாயனமாகக் கலப்பதில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிடிக்கப் பரப்பு வேண்டும். இழைப்பதற்கு முன்பே பழைய மெழுகையும் பாலிஷையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். இழைத்த பிறகு துடைத்தால் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும்.

அந்தச் சரிவில் அடுக்கும் ஃபைபர் துணியில் பெரிய துண்டை முதலில் வைப்பதா, சின்னதை முதலில் வைப்பதா என்று பட்டறைக்குப் பட்டறை சண்டை உண்டு. நாங்கள் பெரியதை முதலில் வைக்கும் கட்சி. அப்போதுதான் முழுத் துண்டும் பழைய ஃபைபரைத் தொடும். கடைசியில் தேய்க்கும்போது முக்கியமான அடுக்கு அறுபடாது.

ரெசினைப் பொறுத்தவரை, அலை அடிக்கும் அடிப்பகுதிக்கும் பின்பலகைக்கும் எபாக்சி போடுகிறோம். சாதாரண ரெசினான பாலியெஸ்டரைவிட விலை கூடுதல், ஆனால் பழைய ஃபைபரில் அதன் பிடி வேறு. இதனால் ஒரு சங்கடம்: எபாக்சியின் மேல் சாதாரண ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. அந்த இடங்களில் இரண்டு பொருள் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட்தான் போடுவோம். நிறம் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். பழைய வெள்ளை வெயிலில் மஞ்சளாகியிருக்கும், எங்கள் வெள்ளை புதியது. பொருந்த வேண்டும் என்றால் முழுப் பக்கமும் அடிக்க வேண்டும். அந்தச் செலவு வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். எங்களைக் கேட்டால் வேண்டாம் என்போம். மணலில் ஏறும் அடிப்பகுதியை யார் பார்க்கப் போகிறார்கள்?

சின்ன வேலையை வீட்டிலேயே செய்துகொள்பவர்களுக்குப் பொருள் கொடுக்க நாங்கள் மறுப்பதில்லை. சில விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாலியெஸ்டருக்கு அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. குளிருக்கும் வெயிலுக்கும் அதற்குள் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் அந்த விளையாட்டே கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது கடைசிவரை முழுதாக இறுகாது. வெட்டிய கண்ணாடி இழைகளை ஒட்டிச் செய்த சாதாரண மேட்டை எபாக்சியோடு போடாதீர்கள். அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை எபாக்சியில் கரையாது, அதற்குத் தைத்த துணி வேறாக இருக்கிறது, கேளுங்கள். வாளி நிறைய ரெசின் கலக்காதீர்கள், தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தூசுக்குச் சரியான மாஸ்க் போடுங்கள்; மூக்கில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது.

சரி, எப்போது கொண்டு வருவது? உங்களில் பலர் புரட்டாசி விரதம் இருப்பவர்கள். அந்த மாதம் வீட்டில் மீன் கிடையாது, படகும் சும்மா நிற்கும். செப்டம்பர் நடுவில் விரதம் தொடங்கிய பிறகு கொண்டு வந்தால் காய வைக்க வேண்டிய வறண்ட நாட்கள் போய்விட்டிருக்கும். ஆகஸ்டிலேயே விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் காயும், புரட்டாசியில் ஃபைபர் வேலை நடக்கும், கோடையில் வஞ்சிரம், அதுதான் இங்கே எல்லோரும் கூட்டா என்கிற மீன், வரும்போது படகு தண்ணீரில் இருக்கும். அக்டோபர் கடைசியில் வந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் வேண்டும் என்றால், ஈரமான படகுக்கு எங்களால் உறுதி தர முடியாது.

பணம் பற்றி: தட்டிப் பார்த்து, ஈரம் அளந்து, எழுத்தில் அறிக்கை தருவதற்கு ஒரு தொகை வாங்குகிறோம். வேலையை எங்களிடமே கொடுத்தால் அது பில்லில் கழிந்துவிடும். வேறெங்கு கொடுத்தாலும் அறிக்கை உங்களுடையது, பென்சில் வட்டங்களின் படங்களோடு. திறந்து பார்த்த பிறகு வேலை கூடினால், உங்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் அடுத்த அடுக்கைப் போட மாட்டோம். காயும் வாரங்களுக்கு இட வாடகை கிடையாது.

படகை இழுத்து வரும்போது தூண்டில், ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கட்டும். முக்கியமாக, வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு, ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கி வைத்து இரண்டு நாள் நிறுத்துங்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது, எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டால், சாவியைக் கொடுக்கும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து