விண்கல் எண்ணப் போனவர்கள்

பாப்பாவுக்கு,

முப்பதைத் தாண்டியவளை இன்னும் இப்படித்தான் கூப்பிடுவீர்களா என்று உன் அம்மா கேட்கிறாள். வேறு எப்படி ஆரம்பித்தாலும் யாருக்கோ எழுதுவது மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ‘எப்படிம்மா இருக்கே’ என்று கேட்பதற்கு முன்னாலேயே ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்று சொல்லிவிட்டாய். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். போனில் கேமரா ரிப்பேர் என்று சொல்லியும் மூன்று வாரமாகிறது. கேமராவைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, கவனித்தாயா?

சமீபத்தில் படித்த ஒரு சம்பவம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரிச்சர்ட் பேர்ட் என்று ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1934-ல் அண்டார்க்டிகாவில், பனிக்குள் புதைத்த ஒரு சின்ன அறையில், வானிலையைக் குறித்துவைக்கத் தன்னந்தனியாகத் தங்கினார். மார்ச் கடைசியில் போனவர். அப்புறம் மாதக்கணக்கில் சூரியனே கிடையாது. குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டிப் போகும். தலைமை முகாம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கிருந்து வானொலியில் பேசுவார்கள், இவர் மோர்ஸ் தந்தியில் பதில் தட்டுவார். அவ்வளவுதான் உறவு.

அடுப்பிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் கசிந்த கார்பன் மோனாக்சைடு அவரை மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருந்தது. மே மாதக் கடைசியில் மயங்கி விழுந்துவிட்டார். ஆனாலும் முகாமுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்த இருட்டில் கிளம்பி வருவார்கள், வழியில் செத்தாலும் செத்துப்போவார்கள் என்று பயம். அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தட்டிக்கொண்டிருந்தார். கைதான் காட்டிக்கொடுத்தது. எழுத்துகள் தப்பின, வார்த்தைகள் பாதியில் நின்றன. முகாமிலிருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. அங்கே பூல்டர் என்றொரு விஞ்ஞானி. ‘உங்களுக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்டால் பேர்ட் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், வரவும் விடமாட்டார். அதனால் விண்கற்களை எண்ணுவதற்கு இன்னோர் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது, அங்கே வரட்டுமா என்று கேட்டார்கள். இரண்டு தடவை பாதி வழியில் திரும்பி, மூன்றாவது தடவை, ஆகஸ்டில், மூன்று பேர் டிராக்டரில் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே வாருங்கள், சூப் சூடாக இருக்கிறது என்று வரவேற்றவர், ஏணியில் இறங்கியதும் சரிந்துவிட்டாராம்.

அவர் பிழைத்தார் என்பதைவிட எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கமும் சொன்ன அந்தப் பொய்.

எனக்கும் அப்படி ஒரு பொய் கிடைத்திருக்கிறது. உனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு டிபி. மருந்து ஆரம்பித்த முதல் சில வாரம் தனியாக இருக்கச் சொன்னார் டாக்டர். நான் பயந்துகொண்டு ஆறு வாரம் உள் அறையை விட்டு வரவில்லை. கதவடியில் நீ படம் வரைந்து தள்ளுவாய், நினைவிருக்கிறதா? எல்லாப் படத்திலும் எனக்கு நாலு விரல்தான்.

அந்த அறையில் நான் ஞானியானேன் என்று நினைத்துவிடாதே. முதலில் கெட்டுத்தான் போனேன். கூடத்தில் நீங்கள் இரண்டு பேரும் சிரித்தால், நான் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று தோன்றும். ஒரு நாள் உன் அம்மா தட்டை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது என்பதற்காக அரை நாள் அவளோடு பேசவில்லை. கதவு மூடியிருந்ததால் நான் பேசாமல் இருக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஜான் கசியோப்போ என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஒருவர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். சாப்பிடு என்று சொல்லப் பசி இருப்பது போல, மனிதரிடம் போ என்று உடம்பு சொல்வதுதான் தனிமை உணர்வு என்பது அவர் கருத்து. ஆனால் ஒரு வித்தியாசம். பசித்தவன் தட்டைப் பார்த்துச் சந்தேகப்படுவதில்லை. தனிமையில் நாளானவனுக்கோ எந்த முகத்தைப் பார்த்தாலும், எந்தக் குரலைக் கேட்டாலும் முதலில் கண்ணில் படுவது ஆபத்துதான். ‘இங்க யாருக்கும் என்னைப் பிடிக்கலப்பா’ என்று நீ ஒரு நாள் சொன்னபோது, அந்தத் தட்டுச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. புதியவர்கள் இரண்டு பேர் பேசிப் பிரிந்த பிறகு, மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. நீ கணக்குப் பார்த்தே எதையும் நம்புகிறவள், அதனால் சொல்கிறேன்.

சரி, பொய்க்கு வருகிறேன். மாடியில் குடியிருந்தவரோடு எனக்கு வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை. ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. இரண்டாவது வாரம் ஒரு மாலை, என் ஜன்னலுக்கு வெளியே செய்தித்தாளோடு வந்து நின்றார். ‘குறுக்கெழுத்துல ஒண்ணு வரமாட்டேங்குது. உங்களுக்குத் தெரியுமா பாருங்க’ என்றார். நலமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பேன். விடை சொன்னேன். மறுநாளும் வந்தார். அப்புறம் தினமும் ஆறு மணிக்கு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். மதியத்திலிருந்தே நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். தாடியைக்கூட எடுத்துக்கொண்டேன்.

நான் வெளியே வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தப் பழைய செய்தித்தாள்கள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். கட்டங்களில் நான் சொன்ன விடைகளுக்கு அடியில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம். ஒவ்வொரு நாளும் காலையிலேயே முழுக்கப் போட்டு முடித்திருக்கிறார்! நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் மனைவி இறந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மணிக்காகக் காத்திருந்தது நான் மட்டும்தானா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆறு வாரத்தில் நான் வளர்ந்தேன் என்றால் இந்த ஒன்றில்தான். சாக்கு சொல்லிக்கொண்டு வருகிறவரை அந்தச் சாக்கோடு உள்ளே விடக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால், காரியமில்லாமல் யாராவது வந்தால் எரிச்சல்படுகிற ஆள் நான். உன் அம்மாவைக் கேள்.

கீழ்வீட்டுப் பெண் ஸ்க்ரூடிரைவர் கேட்டு மூன்று தடவை வந்தாள், சொந்தமாக ஒன்று வாங்கக்கூடாதா என்று சலித்துக்கொண்டாயே. ஒரு வீட்டில் அத்தனை திருகாணியா கழன்றுபோகும்? அடுத்த தடவை வாசலிலேயே கொடுத்து அனுப்பாமல், எதைக் கழற்றுகிறாள் என்று போய்ப் பார். இல்லாவிட்டால் நீயே போய்ச் சுத்தியல் கேள். உன்னிடம் சுத்தியல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அடுத்த மாதம் எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. நாலைந்து நாள் உன்னோடு தங்கிக்கொள்ளலாமா? அம்மாவும் வருகிறாள். என்ன வேலை என்று கேட்காதே, விண்கல் எண்ண வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள். வந்தால் அந்தக் கேமராவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

அப்பா