கேபிளை மட்டும் எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வர், நெட்வொர்க், சேமிப்பகம் ஆகிய மூன்றையும் ஒன்றிணைத்துத் தரும் தரவு மையக் கட்டமைப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேபிள்கள் குறைகின்றன, நிர்வாகம் எளிதாகிறது என்பவை உண்மையே. ஆனால் இத்தகைய கட்டமைப்புகள் அனைத்தும் ஒரே விதமாக இயங்குகின்றன என்ற எண்ணத்தை அக்கட்டுரை ஏற்படுத்துகிறது. சர்வர் அறைகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதைத் திருத்த விரும்புகிறேன்.

சிஸ்கோ 2009இல் அறிமுகப்படுத்திய யூசிஎஸ் என்ற சர்வர் அமைப்பில், பிளேடு எனப்படும் மெல்லிய சர்வர்கள் செருகப்படும் சேசிஸ் என்ற பெட்டிக்குள், தரவை உரிய சர்வருக்குத் திருப்பிவிடும் ஸ்விட்ச் கிடையாது. அடுத்தடுத்த இடங்களில் இருக்கும் இரண்டு பிளேடுகள் பேசிக்கொள்வதற்கும் தரவு வெளியே உள்ள ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் என்ற மைய ஸ்விட்ச் வரை சென்றே திரும்ப வேண்டும். பிளேடு பெட்டிக்குள்ளேயே செருகப்படும் இணைப்பு மாட்யூலான எச்பியின் விர்ச்சுவல் கனெக்ட் இதற்கு நேர்மாறானது. ஒரே மாட்யூலில் ஒரே நெட்வொர்க்கைச் சேர்ந்த பிளேடுகளின் போக்குவரத்து, 16 பிளேடுகள் வரை கொள்ளும் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முதல் முறையில் பல சேசிஸ்களை ஒரே இடத்திலிருந்து ஆளலாம். ஆனால் அந்த இடத்தில் நேரும் கோளாறும் அவை அனைத்தையும் தொடும். இரண்டாவது முறையில் கோளாறு பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். ஆனால் பெட்டிகள் பெருகப் பெருக நிர்வாக வேலையும் பெருகும். நெட்வொர்க்கில் ஒரு சர்வரை இனங்காட்டும் மேக் முகவரி முதலிய அடையாளங்களைச் சர்வரிலிருந்து பிரித்து, புரொஃபைல் என்ற விவரத் தொகுப்பில் வைப்பதை இரண்டுமே செய்கின்றன என்பதால், அதை ஒன்றின் தனிச் சிறப்பாகச் சொல்வது பொருந்தாது.

ஒன்று நின்றால் மற்றது தாங்கும்படி இணையாக இரண்டு ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட்டுகள் இருக்கும்போது அச்சம் எதற்கு என்று கேட்கலாம். ஒருமுறை அவற்றின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதற்காக அவற்றில் ஒன்றை நாங்கள் மறுதொடக்கம் செய்தபோதுதான், சில சர்வர்களில் சேமிப்பகத்துக்கான மாற்றுப் பாதை முறையாக அமைக்கப்படவே இல்லை என்பது தெரியவந்தது. பிழை எங்களுடையது, ஆனாலும் அன்றைய இரவு அத்தனை சர்வர்களும் ஒரே இடத்தைச் சார்ந்திருந்தது அதன் விளைவைப் பெரிதாக்கியது.

ஒரே கேபிளில் சேமிப்பகப் போக்குவரத்தையும் அனுப்பும் எஃப்சிஓஇ (ஃபைபர் சேனல் ஓவர் ஈதர்நெட்) முறையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. நெரிசல் ஏற்பட்டால், வழக்கமான நெட்வொர்க் முறையான ஈதர்நெட் தரவைக் கைவிட்டுவிடும். சேமிப்பகத்துக்கான தனி நெட்வொர்க் முறையான ஃபைபர் சேனலோ அதைத் தாங்காது. ஆகவே ஒரு வகைப் போக்குவரத்தை மட்டும் சற்றே நிறுத்திவைக்கும் வசதி ஈதர்நெட்டுக்குத் தேவைப்பட்டது. ஈதர்நெட்டின் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தரவுப் பொட்டலம், சுமக்கும் 1,500 பைட் என்ற வழக்கமான அளவும் போதவில்லை, ஏனெனில் ஃபைபர் சேனல் ஃபிரேம் ஒன்றே 2,112 பைட் தரவைச் சுமக்கக்கூடியது. இந்த ஏற்பாடு வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் பிழையின்றி இருக்க வேண்டும் என்பதாலேயே, பல இடங்களில் எஃப்சிஓஇ முதல் ஸ்விட்சோடு நின்று, அதற்கப்பால் பழைய ஃபைபர் சேனலே தொடர்ந்தது என்பது என் கணிப்பு. நெட்வொர்க் பிரிவும் சேமிப்பகப் பிரிவும் ஒரே ஸ்விட்சைப் பகிர்ந்துகொள்ளத் தயங்கியது தனிக்கதை.

சேமிப்பகத்தையே சர்வர்களுக்குள் கொண்டுவரும் ஹைப்பர்கன்வர்ஜ்டு முறையிலும் நெட்வொர்க்கின் சுமை குறைவதில்லை. எழுதப்படும் தரவின் பிரதிகள் அதன் வழியாகவே மற்ற சர்வர்களுக்குச் செல்கின்றன. ஒரு சர்வர் செயலிழந்தால், இழந்த பிரதிகளை மீண்டும் உருவாக்கும் வேலையின் சுமையும் நெட்வொர்க்கின் தலையிலேயே விழுகிறது.

இவற்றை ஒப்பிட்டுத் தாங்கள் மீண்டும் எழுதுவதாக இருந்தால், தரவு எந்த இடத்தில் திரும்புகிறது, ஒரு பாகத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனை சர்வர்கள் பாதிக்கப்படலாம் என்ற இரு விவரங்களையும் கேபிள் எண்ணிக்கைக்கு அருகிலேயே தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரவு மையப் பொறியாளர் ஒருவர்