பொத்தானைப் பார்த்தவருக்கு

கழுத்துக் காலரைக் கழற்றிவிட்டார்கள். தட்டச்சு செய்யலாம் என்று அனுமதியும் வந்துவிட்டது. முதல் வேலையாக இந்த மடல். என்னோடு கூடவே நின்றவர்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும். அதை மறுபடியும் கதையாக விரிக்கப் போவதில்லை. கழுத்தில் செய்த அறுவை சிகிச்சையால், தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது விலகிவிட்டது. நடக்கிறேன், எழுதுகிறேன், சோற்றைப் பிசைந்து நானே உண்கிறேன்.

முறைப்படி பார்த்தால் அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்குத்தான் முதல் வணக்கம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் வரிசையை மாற்றுகிறேன். முதல் நன்றி, நரம்பு கடத்தல் சோதனை அறையில் பணியாற்றும் சகோதரிக்கு.

சகோதரி, வீட்டுக்குத் திரும்பும் முன் உங்களைத் தேடி வந்து நன்றி சொன்னபோது, "நான் என் வேலையைத்தானே செய்தேன், சார். பெயரெல்லாம் எங்கும் போட வேண்டாம்" என்றீர்கள். பெயர் போடவில்லை. ஆனால் முதல் வாக்கியத்தை ஒப்புக்கொள்ள முடியாது. அதை மறுப்பதற்காகவே இந்த மடலில் பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வேலை என்ன? மணிக்கட்டிலும் விரல்களிலும் மின்முனைகளை ஒட்டுவது, சின்ன மின்துடிப்பு கொடுப்பது, நரம்பில் அது என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பதிவு செய்வது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கம் உண்டா என்று பார்க்கும்படி சீட்டில் இருந்தது. பார்த்தீர்கள். ஒயர்களை எடுத்தீர்கள். பசையைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தீர்கள். வேலை அத்துடன் முடிந்தது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டிருந்தால் உங்களை யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க முடியாது.

நான் அப்போது சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டுக்கொண்டே இருந்தேன். விரல்கள் பொத்தானைப் பிடிக்கும், ஆனால் பிடித்திருப்பது விரலுக்குத் தெரியாது. துளையருகே கொண்டுபோவதற்குள் நழுவிவிடும். என் வீட்டிலும் அலுவலகத்திலும் இந்தக் கட்டத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். "கொடுங்கள், நான் போட்டுவிடுகிறேன்" என்று ஒருவர் கையை நீட்டுவார். அல்லது எனக்குச் சங்கடம் வேண்டாமே என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இரண்டுமே அன்புதான், குறை சொல்லவில்லை. நீங்கள் இரண்டையும் செய்யாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, என் விரல்களைப் பார்த்தீர்கள். நான் போட்டு முடிக்கும் வரை பார்த்தீர்கள்.

பிறகு, "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டீர்கள். "நடக்கும்போது செருப்பு கழன்று போனது தெரியாமல் நடந்ததுண்டா? படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறீர்களா? உங்கள் கழுத்தை யாராவது பார்த்தார்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: வலி இருக்கிறதா? இல்லை என்பேன். உண்மையிலேயே இல்லை. கழுத்தில் எப்போதாவது ஒரு பிடிப்பு, அது யாருக்குத்தான் இல்லை! வலி இல்லை என்றதும் எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும். வயது, சர்க்கரை, வைட்டமின் குறைவு, மணிக்கட்டு என்று காரணங்கள் வரிசையாக வரும். மணிக்கட்டுக்கு ஒரு பட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பத்து விநாடிகள் கையை வேகமாக மூடி மூடித் திறக்கச் சொன்னீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உதடு அசையாமல் எண்ணினீர்கள். சாதாரணமாக 20 முறைக்குக் குறையாமல் செய்ய முடியும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். என் கணக்கு எத்தனை என்று நீங்கள் சொல்லவில்லை. விரல்கள் விரிவதற்கு அடம்பிடித்ததை நானே பார்த்தேன். அடுத்து, தரையில் கற்கள் சேரும் கோட்டின் மேல், குதிகாலும் கால்விரலும் ஒட்டினாற்போல் அடி வைத்து நடக்கச் சொன்னீர்கள். நாலு அடிக்குள் உடம்பு சாய்ந்தது. உங்கள் கை என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, தொடாமல், கூடவே வந்துகொண்டிருந்தது. விழுந்தால் பிடிக்க வேண்டும், ஆனால் பிடித்துவிட்டால் நடை தெரியாது. அந்த ஒரு சாண் இடைவெளியை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"முடிவு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, சார்" என்று சொல்லிவிட்டு, சீட்டின் அடியில் நாலு வரி எழுதினீர்கள். பொத்தான் போடச் சிரமம். விரல்கள் மெதுவாக விரிகின்றன. நேர்கோட்டில் நடக்க இயலவில்லை. கழுத்தையும் பார்க்க வேண்டுகிறேன். பையில் பேனா இருந்தும் பென்சிலில் எழுதினீர்கள். வேண்டாம் என்று நினைப்பவர் அழித்துவிடலாம் என்பதற்காகவா? கேட்க மறந்துவிட்டேன். எழுதியதைத் தட்டில் போட்டுவிட்டுப் போகாமல், நரம்பியல் மருத்துவரின் அறைவரை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

அவர் அழிக்கவில்லை. சோதனை வரைபடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த நாலு வரியைத்தான் முதலில் படித்தார். என் நடுவிரலின் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் என்னைக் கேட்காமல் உள்ளே மடங்கியது. முழங்காலைச் சுத்தியலால் தட்டினார்; கால் வழக்கத்துக்கு மீறி எகிறியது. "சிக்கல் கையில் இல்லை, கழுத்தில்" என்றார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதன் பிறகு வந்தது. கழுத்தின் 5, 6 ஆம் எலும்புகளுக்கு நடுவிலும் அதற்கு மேலேயும் டிஸ்க் எனும் இடைமெத்தையும் எலும்பு முளைகளும் பின்னால் துருத்தி, தண்டுவடத்தை நசுக்கியிருந்தன. நசுங்கிய இடத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே, பழுதின் அடையாளமாக ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் பழுதாக மிகப் பொதுவான காரணம் இந்தத் தேய்மான அழுத்தம்தான். அப்படியும் அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிய சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடுவதாக ஆய்வு சொல்கிறது. படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். நம் ஊர் உலகத்தில் நோய்க்கு வலிதான் அடையாள அட்டை. அதைக் காட்டாதவரை யாரும் உள்ளே விடுவதில்லை. தண்டுவடமோ சத்தம் போடாமல் நசுங்குகிறது. இந்த மடலைப் படித்துவிட்டு, கை மரத்தவர்கள் எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு அது மணிக்கட்டு நரம்பாகவே இருக்கும். வயது ஏறியவர்களின் கழுத்தை ஸ்கேன் செய்தால் ஒரு தொல்லையும் இல்லாதவர்களுக்கும் தேய்மானம் தெரியும். அதனால்தான் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, விரலையும் நடையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள், சகோதரி. உங்கள் வேலை அது இல்லை.

இனி மற்றவர்கள். அறுவை சிகிச்சை நிபுணருக்கு நான் கடன்பட்டிருப்பது அவருடைய கைகளுக்கு மட்டும் இல்லை, அவர் உடைத்துப் பேசியதற்கும். கைக்கு 5, காலுக்கு 7, கையின் உணர்ச்சிக்கு 3, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு 3 என்று மொத்தம் 18 மதிப்பெண்ணுக்குக் கேள்விகள் கேட்டார். 15 முதல் 17 வரை வந்தால் லேசான பாதிப்பு. உடனே கத்தி வைக்காமல் பயிற்சியும் கண்காணிப்புமாகப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம், மோசமானால் அறுவை சிகிச்சைக்குப் போகலாம். 12 முதல் 14 வரை நடுத்தரம், 11 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமை. இந்த இரண்டு நிலைக்கும் அறுவை சிகிச்சையே நல்லது என்பது 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். எனக்கு 13. பள்ளிக்கூடத்தில்கூட மதிப்பெண் கேட்டு நான் இவ்வளவு பயந்ததில்லை.

முன்பக்கமாகப் போவதா பின்பக்கமாகப் போவதா என்பதையும் படத்தை வைத்து விளக்கினார். அழுத்தம் முன்னால் இருந்து, ஒன்றிரண்டு இடத்தோடு நின்றால் தொண்டைப் பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்புகளை இணைத்துவிடலாம். பல இடங்களில் நெருக்கம் இருந்தால் பின்னாலிருந்து, தண்டுவடம் செல்லும் கால்வாயை அகலப்படுத்துவதுண்டு. ஆனால் கழுத்தின் வளைவு முன்பக்கம் கவிழ்ந்திருந்தால் பின்னால் மட்டும் திறந்து பயனில்லை, தண்டுவடம் பின்வாங்காமல் அதே மேட்டின் மேல் சாய்ந்தே கிடக்கும். எனக்கு முன்பக்கம். "இழந்ததெல்லாம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மேலும் இழக்காமல் நிறுத்துவதுதான் என் முதல் வேலை. திரும்பி வருவதெல்லாம் அதற்கு மேல்" என்றார். குரல் கொஞ்ச நாள் கரகரக்கலாம், விழுங்கச் சிரமம் இருக்கலாம், அபூர்வமாகக் கை கால் இன்னும் மோசமாகவும் ஆகலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். பயமுறுத்தும் செய்தியைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கழுத்தைப் பின்னால் வளைக்காமல் கேமரா பொருத்திய குழாயால் சுவாசக் குழாயைச் செலுத்தி, இரத்த அழுத்தம் இறங்காமல் காத்த மயக்கவியல் மருத்துவருக்கும், அறுவை நடக்கும்போதே தண்டுவடத்தின் சமிக்ஞைகளைத் திரையில் கவனித்துக்கொண்டிருந்த குழுவினருக்கும், இரவெல்லாம் வந்து வந்து "என் விரலை இறுக்கிப் பிடியுங்கள்" என்று எழுப்பிய செவிலியர்களுக்கும் நன்றி. அந்த நேரத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது, மன்னியுங்கள். பட்டாணி அளவு மணிகளைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்ற வைத்த இயன்முறை மருத்துவர், குரல் எழும்பாத நாட்களில் என் உதட்டைப் படித்தே பதில் சொன்ன என் மனைவி, மருத்துவமனையிலேயே முறை வைத்துத் தங்கிய பிள்ளைகள், என் கணக்குப் புத்தகங்களைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட அலுவலக நண்பர்கள், இரத்தம் கொடுக்கத் தயாராக வந்து தேவைப்படாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பியவர்கள், எல்லோருக்கும் சேர்த்துக் கைகூப்புகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. வலது கை பரவாயில்லை. இடது கையின் சுண்டுவிரல் இன்னும் தன்போக்கில் ஒதுங்கி நிற்கிறது. இருட்டில் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொள்கிறேன். முன்னேற்றம் பெரும்பாலும் முதல் 6 மாதத்தில் தெரியும், ஓராண்டு வரையும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காத்திருக்கிறேன். அதற்குள் ஒன்றை உறுதியாக வைத்துக்கொண்டுவிட்டேன். கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, கையெழுத்து மாறிவிட்டது, நடை தள்ளாடுகிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், "வயதாகிவிட்டதல்லவா" என்று நான் சொல்லப்போவதில்லை. பொத்தானைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் கேட்பேன். நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த அதிகாரம் எனக்கும் இல்லை. மருத்துவரிடம் போய் நடந்து காட்டுங்கள், சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்பேன்.

சகோதரி, உங்கள் துறைத் தலைவருக்குத் தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதில் உங்கள் பெயர் இருக்கிறது. நீங்கள் சொன்ன தடை அந்தக் கடிதத்துக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொண்டேன். பாராட்டோடு ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன். பரிசோதனைச் சீட்டில் மருத்துவர் எழுத இடம் இருக்கிறது, கருவி காட்டும் எண்களுக்கு இடம் இருக்கிறது. சோதனை செய்பவர் கண்ணில் பட்டதை எழுத இடமே இல்லை. அடுத்த முறை சீட்டு அச்சடிக்கும்போது அடியில் ஒரு கட்டம் போடும்படி கேட்டிருக்கிறேன். நாலு வரிக்கு இடம் இருந்தால் போதும், பேனாவிலேயே எழுதலாம்.