குரோம்புக்ல லிப்ரேஆபீஸ் போட்டவங்க கொஞ்சம் கவனிங்க

வணக்கம்ங்க,

நம்மகிட்ட குரோம்புக் வாங்கிட்டுப் போனவங்க ரெண்டாவது நாளே போன் போட்டு கேக்கறது ஒண்ணுதான், ஆபீஸ் சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணி கிளிக் பண்றேன், ஒண்ணுமே நடக்கலயேன்னு. குரோம்புக்ல இருக்கற குரோம்ஓஎஸ் பிரவுசர வச்சே வேலை நடக்கணும்னு செஞ்ச சிஸ்டம்ங்க, விண்டோஸோட இஎக்ஸ்இ ஃபைல் அதுல ஓடாது. மைக்ரோசாஃப்டோட ஆண்ட்ராய்டு ஆபீஸ் ஆப்புக்கும் 2021 செப்டம்பரோட குரோம்புக்ல சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, பிரவுசர்ல திறந்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க.

ஆனா 2018-ல இருந்து குரோம்ஓஎஸ்குள்ளயே தனியா லினக்ஸ்ங்கற இன்னொரு சிஸ்டத்த ஓட்ட வழி இருக்கு, அதுல லிப்ரேஆபீஸ்ங்கற இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர போட்டுக்கலாம். செட்டிங்ஸ்ல லினக்ஸ்னு தேடி ஆன் பண்ணுங்க, இடம் எவ்வளவுன்னு கேக்கும், 10 ஜிபி கொடுத்தா போதும். கொஞ்ச நேரத்துல கருப்பா டெர்மினல்னு கமாண்ட் டைப் பண்ற ஒரு விண்டோ வரும், அதுல sudo apt install libreoffice-னு டைப் பண்ணி எண்டர் தட்டினா அதுவே இறக்கி போட்டுக்கும். அப்புறம் லெட்டர் எழுதற ரைட்டர், கணக்கு போடற கால்க் எல்லாம் மத்த ஆப்போடயே ஐகானா வந்துடும், நெட் இல்லாட்டியும் ஓடும். 4 ஜிபி ரேம் மெஷின்ல திறக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், எக்செல் மேக்ரோ எல்லாமே ஓடும்னு சொல்ல மாட்டோம். ஸ்கூலோ கம்பெனியோ கொடுத்த மெஷின்னா லினக்ஸையே அவங்க பூட்டி வச்சிருக்கலாம், அங்க கேட்டுட்டு செய்யுங்க.

இந்த மடல் எழுத காரணமே வேற. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, மெஷின் ஸ்லோவா இருக்குன்னு பவர்வாஷ், அதாவது உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சு புதுசு மாதிரி ஆக்கறது, பண்ணிட்டாராம், கூகுள் அக்கவுண்ட்ல எல்லாம் இருக்கும்ல, திரும்ப லாகின் பண்ணா வந்துடும்னு நினைச்சிருக்காரு. கூகுள் டிரைவ்ல இருந்ததெல்லாம் வந்துச்சு, ஆனா கால்க்ல போட்டு வச்ச வரவு செலவு கணக்கு மட்டும் வரல. நாங்களும் எவ்வளவோ தேடிப் பாத்தோம், கிடைக்கல. நாங்க முதல்லயே சொல்லிருக்கணும், அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கு.

என்ன ஆச்சுன்னா, லிப்ரேஆபீஸ்ல சும்மா சேவ் கொடுத்தா ஃபைல் லினக்ஸ் ஃபைல்ஸ்ங்கற ஃபோல்டர்ல போய் உக்காரும். அது அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் இருக்கும், டிரைவுக்கு தானா போகாது, பவர்வாஷ் பண்ணாலும் லினக்ஸ ரிமூவ் பண்ணாலும் அதோட போயிடும்.

அதனால இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க, ஃபைல்ஸ் ஆப்ல கூகுள் டிரைவ்ல ஒரு ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி லினக்ஸோட ஷேர் பண்ற ஆப்ஷன கொடுத்துட்டு, இனிமே சேவ் பண்றத அங்க பண்ணுங்க. பழைய ஃபைல்ஸ இழுத்து அதுலயே போட்டுடுங்க. செட்டிங்ஸ்ல லினக்ஸ மொத்தமா பேக்கப் எடுக்கவும் வழி இருக்கு, ஆனா அந்த பேக்கப் ஃபைலையும் மெஷின்லயே வைக்காதீங்க, பென்டிரைவ்லயோ டிரைவ்லயோ போடுங்க.

கஷ்டமா இருந்தா மெஷின எடுத்துட்டு வாங்க, கூட உக்காந்து பண்ணிக் கொடுக்கறோம். அதுவரைக்கும் பவர்வாஷ் மட்டும் பண்ணிடாதீங்க.