ஒரே மூச்சில் மாற்றிவிடு

அன்புள்ள முருகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது, அதனால்தான் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறார், நேற்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் தலைப்பைப் படித்துக் காட்டினார். உன் பெண் நீச்சல் பழகிவிட்டாள் என்று படித்தபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

சரி, பழைய கோடை நேம்ஸ்பேஸிலிருந்து மாட்யூலுக்கு மாற்றுவது பற்றி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டைப்ஸ்கிரிப்ட் (டைப் குறிப்புகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) கோட் 2014-இல் தொடங்கியது என்கிறாய். அன்றைக்கு அதை நேம்ஸ்பேஸாக, அதாவது பல ஃபைல்களின் கோடை ஒரே பொதுப் பெயருக்குள், அடுக்கியவர்கள் தப்பு செய்யவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் மாட்யூல் (தனக்கு வேண்டியதை இம்போர்ட் என்று எழுதிக் கேட்டு வாங்கும் ஃபைல்) வந்ததே 2015-இல்தான். நேம்ஸ்பேஸ் என்ற பெயரும் அதே ஆண்டு டைப்ஸ்கிரிப்ட் 1.5-இல்தான் வந்தது, அதற்கு முன் அதை உள் மாட்யூல் என்றார்கள்.

ஆனால் இன்று மாட்யூல்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேம்ஸ்பேஸ் என்பது கடைசியில் குளோபலில், அதாவது எல்லா ஃபைலுக்கும் பொதுவான இடத்தில், போய் உட்காரும் ஓர் ஆப்ஜெக்ட். எந்த ஃபைலுக்கு எது வேண்டும் என்பது அந்த ஃபைலைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் பக்கத்தில் ஃபைலை ஏற்றும் ஸ்கிரிப்ட் டேக் ஒன்றை இரண்டு வரி மேலே நகர்த்திவிட்டேன். டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. பிரவுசரில் வெறும் வெள்ளைப் பக்கம். பேஸ் கிளாஸ் வருவதற்கு முன்பே அதிலிருந்து கிளைக்கும் கிளாஸ் ஓடியிருக்கிறது! கண்டுபிடிக்க இரவு பதினொன்று ஆனது. இம்போர்ட் எழுதியிருந்தால் அந்த வரிசையை லோடரே பார்த்துக்கொண்டிருக்கும். (இரண்டு ஃபைல் ஒன்றையொன்று இம்போர்ட் செய்துகொண்டால் மாட்யூலிலும் இந்தத் தொல்லை வரும், கவனம்.)

வாரத்துக்கு இரண்டு ஃபைலாக மாற்றலாம் என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது முருகா. ஒரு ஃபைலின் தலையில் இம்போர்ட் எழுதின உடனே அது மாட்யூல் ஆகிவிடும், அதற்குள் இருக்கும் நேம்ஸ்பேஸ் மற்ற ஃபைல்களின் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றைத் தொட்டால் நாற்பதில் எர்ரர் வரும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரே பல வருடம் நேம்ஸ்பேஸில்தான் இருந்தது. 2023 மார்ச்சில் வந்த 5.0-க்காக அந்தக் குழு மாற்றும் வேலையை ஒரு கருவியிடம் விட்டு, மொத்தத்தையும் சேர்த்து மாற்றியது. கம்பைலரின் வேகமும் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் கூடியது. முன்பு அடுத்த ஃபைலின் ஃபங்ஷனைக் கூப்பிட ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய ஆப்ஜெக்ட்டுக்குள் போய்த் தேட வேண்டியிருந்தது, இப்போது நேரடியாகக் கூப்பிடலாம். நீயும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அப்படியே செய்.

அப்புறம், மாற்றிய பிறகு மாட்யூலுக்குள் பழைய நேம்ஸ்பேஸை உறை மாதிரி விட்டுவைக்காதே. நோட் (Node.js, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) இப்போது டைப்களை மட்டும் உரித்துவிட்டு டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை நேரே ஓட்டுகிறது, ஓடும் கோட் உள்ள நேம்ஸ்பேஸைப் பார்த்தால் நின்றுவிடும். பழைய லைப்ரரிக்கு டைப் மட்டும் எழுதும் டிக்ளரேஷன் ஃபைலில் இருந்தால் பரவாயில்லை, அதைத் தொட வேண்டாம்.

மாற்றுகிற வாரம் குழுவில் யாரும் தங்கள் மாற்றங்களைப் பொதுக் கோடில் மெர்ஜ் செய்யாதபடி பார்த்துக்கொள். ஸ்கிரிப்ட் எழுத உட்காரும்போது சொல்லு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கூட உட்காருகிறேன்.

அன்புடன்,
சேகர்