தறிக்குடோனில் ஒரு வகுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகள் இணையவழிப் படிப்பைத் தேடிப் போவதற்குக் கைபேசி மோகம்தான் காரணம் என்று பேசுகிறவர்கள், ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தறிக்குடோனுக்கு வந்து பார்க்க வேண்டும். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக் குடும்பம் எங்களுடையது. மகள் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. பஸ்ஸில் வந்து இறங்கும்போதே ஆறரை மணி ஆகிவிடும். அதற்குமேல் எந்தப் பயிற்சி மையத்துக்குப் போவது? இருட்டிய பிறகு பெண்ணைத் தனியே அனுப்ப எங்களுக்கும் மனம் வராது; அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடத்தில் சேர்ந்தாள். சேரக் கட்டணமில்லை, தேர்வு எழுதுவதற்கு மட்டும் பணம். தறிச் சத்தத்தில் பேராசிரியர் பேசுவது காதில் விழாது. திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்வாள். தறி நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய கட்டை) தீர்ந்தால், பாடத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் மாற்றிப் போட்டு வருவாள். "வகுப்பில் புரியவில்லை என்று ஒரு தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் நாலு தடவையும் சலிக்காமல் சொல்கிறாரப்பா" என்றாள் ஒரு நாள். அவளை இழுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். தோழிகள் மூவர் கூடவே சேர்ந்ததும் ஒரு காரணம். வாரப் பயிற்சியை அனுப்பக் கடைசி நாள் வந்தால் ஒருத்தியை ஒருத்தி விரட்டிக்கொண்டிருப்பார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அதற்குக் கிரெடிட் (பட்டப் படிப்புக் கணக்கில் சேரும் மதிப்பு) பெறக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். அதற்கு முன் இது 20 சதவீதம்தான். இதை நம்பி மகள் 12 வாரம் படித்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதி, சான்றிதழும் வாங்கி வந்தாள். "இந்தப் பாடம் எங்கள் பட்டியலில் இல்லை" என்று கல்லூரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பட்டியலை அதுவரை மாணவர் யாரும் கண்ணால் பார்த்ததில்லை! அடுத்த பருவத்தில் தோழிகளில் இருவர் எந்தப் பாடத்திலும் சேரவில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதையும் எழுதிவைப்பார்கள்.

எந்தெந்தப் பாடங்களுக்குக் கிரெடிட் உண்டு என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும். ஜனவரிப் பருவத்துக்குச் சேர்க்கை முடிவதற்குள்ளாவது ஒட்டுவார்களா?

- ஒரு விசைத்தறியாளர், சோமனூர்