டெமோவில் புயல் எச்சரிக்கையும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்பலையில் ஆர்ஜே ஆக விரும்பும் கடலூர், புதுவை இளைஞர்கள் பலர் 'வேலை உறுதி' என்று சொல்லும் பயிற்சிகளுக்குப் பணம் கட்டுகிறார்கள். சான்றிதழைப் பார்த்து எந்த நிலையமும் மைக்கைக் கொடுப்பதில்லை. கேட்பது டெமோவை, அதாவது உங்கள் குரலின் மாதிரி ஒலிப்பதிவைத்தான்.

டெமோ 2 முதல் 3 நிமிடம் போதும். பாட்டு முழுதாக வேண்டாம். தொடக்கமும் முடிவும் சில நொடிகள் கேட்டால் போதும். முன்னிசை 12 நொடி என்றால் 10 நொடிக்குள் பேச்சை முடியுங்கள். பாடகர் குரல்மேல் பேச்சு ஏறினால் டெமோ அங்கேயே நிறுத்தப்படும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நெருங்கினால் 'ப' வெடிக்கும், அடிக்குரல் ஊதும். விலகினால் அறையின் எதிரொலி விழும். ஒலியளவு காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். சிவப்பைத் தொட்டுக் கிழிந்த குரலைப் பிறகு ஒலியளவு குறைத்தும் மீட்க முடியாது. மின்விசிறியை அணைத்துவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பேசினாலே பாதி ஸ்டூடியோ.

பழக இடம் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 'புதுவை வாணி' 107.8 மெகாஹெர்ட்ஸ் பண்பலையில் ஒலிக்கிறது. அகில இந்திய வானொலியின் தற்காலிக அறிவிப்பாளர் பணிக்கு எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் உண்டு. மாதத்துக்குச் சில பணிகளே கிடைக்கும். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் ல, ள, ழ உச்சரிப்பு அங்கே திருந்திவிடும். தனியார் நிலையங்களில் தொடக்கம் பெரும்பாலும் விளம்பர வாசகம் எழுதுவது, நேயர் அழைப்புகளைப் பிரிப்பது, இரவு நேர நிகழ்ச்சி. எந்தப் பாட்டு என்பதை அநேகமாக ஆர்ஜே தீர்மானிப்பதில்லை.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. தனியார் பண்பலையில் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லை. வானிலை, இயற்கைப் பேரிடர் தகவல்களைச் சொல்லலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய கடற்கரை நம்முடையது. எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு, எந்தத் துறைமுகம், எத்தனை மணி வரை கடலுக்குப் போகக் கூடாது என்பதைப் பதற்றமில்லாமல் 30 நொடியில் சொல்லி டெமோவில் சேர்த்துவிடுங்கள். ஊரையும் நேரத்தையும் இருமுறை சொல்லுங்கள். வானொலியில் தவறவிட்டதைத் திருப்பிப் பார்க்க முடியாது. நிலையங்களும் குரல் தேர்வில் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வானொலி ஊழியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.